பொட்டல நூல் பை

பெரியவளே, இதை உன் தம்பியும் தங்கையும் படிக்கட்டும். ஆனால் நான் பேனாவை எடுத்தது உனக்காகத்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் மூன்று பேரும் வந்திருந்தீர்கள். பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, கூடத்தில் பாயைப் போட்டுப் பழைய கதை பேசிக்கொண்டிருந்தீர்கள். அப்போது நீ சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். "ஏப்பா, இதுங்க ரெண்டையும் அம்மா வளத்துச்சு. என்னை மட்டும் ஏன் பெரியம்மாகிட்ட குடுத்துட்டீங்க? நான் என்ன வேண்டாத புள்ளையா?"

"உன்னைத் தவுட்டுக்கு வாங்குனாங்க, தெரியாதா?" என்றான் உன் தம்பி. எல்லோரும் சிரித்தீர்கள். உன் அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.

நீ சிரித்துக்கொண்டு கேட்டாலும் அது சிரிப்புக்குக் கேட்டதில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே வாயால் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்று பயந்தேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் பெரியம்மா இப்போது கல்லறையில் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ பிறந்தபோது மொரப்பூருக்குப் பக்கத்து ஊரில் நானும் என் அண்ணனும் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணன் காட்டைப் பார்த்துக்கொண்டார். மழை பெய்தால் கேழ்வரகு, கிணறு ஊறினால் கொஞ்சம் காய்கறி. நான் ரயில் பாதையில் தண்டவாளம் பழுது பார்க்கும் கேங் வேலை பார்த்தேன். அண்ணிக்கு, அதாவது உன் பெரியம்மாவுக்கு, இரண்டு முறை பிள்ளை பிறந்து தங்கவில்லை. அதனால் நீ பிறந்தபோது உன் அம்மாவுக்குப் பால் கொடுக்கும் வேலை ஒன்றுதான் மிச்சம். குளிப்பாட்டுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, தூளி ஆட்டுவது எல்லாம் அண்ணிதான்.

உன் அம்மாவுக்கு இருமல் வந்தது. அடுப்புப் புகை என்றோம். சாயங்காலமானால் உடம்பு சுட்டது. பிள்ளை பெற்ற உடம்பு என்றோம். ஒரு நாள் கேழ்வரகுக் காட்டில் களை எடுக்கும்போது இருமினாள். முந்தானையால் வாயைப் பொத்தி, எடுத்து, சட்டென்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பக்கத்து வரியில் இருந்த அண்ணி பார்த்துவிட்டார்.

"எடு புள்ள. என்னா அது?"

"ஒண்ணுமில்லக்கா, வெத்தலை."

"நீ எப்ப வெத்தலை போட்டே? எடுன்றேன்."

சேலையில் சிவப்பு. அந்த இடத்திலேயே, காட்டு மரத்தில் கட்டியிருந்த தூளியிலிருந்து உன்னை அண்ணி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். எடுத்தது நியாயம்தான். தருமபுரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டரும் அதைத்தான் சொன்னார். டி.பி. முற்றியிருக்கிறது, பிள்ளையை ஒட்ட விடாதீர்கள், பால் கொடுக்கக் கூடாது, ஒரு வருஷமாவது ஆஸ்பத்திரியில் இருக்கணும். உனக்கு அப்போது உட்காரத் தெரியும். நடக்கத் தெரியாது.

அந்த ஆஸ்பத்திரி தூரம். ரயிலில் போய் இறங்கி, பஸ் பிடித்து, அப்புறமும் நடக்கணும். மலையடிவாரத்தில் நீள நீளமான வார்டுகள். காற்றுக்காக ஜன்னல் எல்லாம் எப்போதும் திறந்தே இருக்கும். முதல் முறை நான் பார்க்கப் போனபோது உன் அம்மாவின் சேலை மார்பில் நனைந்திருந்தது. தண்ணீரைச் சிந்திக்கொண்டாயா என்று கேட்டேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள்தான், "பால் கட்டிக்கிச்சுப்பா, சும்மா இரு" என்று அதட்டினார்.

அவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அதே நோய். உன் அம்மா சாப்பிடாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பதைப் பார்த்து, அவர்தான் அவள் கையில் வேலையைக் கொடுத்தார். கொக்கி ஊசியால் பின்னுவது, குரோஷா என்பார்களே, அது. டீச்சரம்மா மேசை விரிப்பு, தலையணை உறை என்று வெள்ளைச் சரிகை போல மெலிசாகப் பின்னுவார். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்க வூட்டுல எதுக்குங்க டீச்சர்? மேசையே இல்ல. சந்தைக்குப் போக ஒரு பை பின்னக் கத்துக் குடுங்க" என்றாளாம். அப்படித்தான் பை பின்ன ஆரம்பித்தாள்.

ஊசி ஒன்றுதானே அந்த டீச்சரிடம் இருந்தது. நான் ஒரு சைக்கிள் கம்பியை எடுத்து, முனையை அரத்தால் ராவி, கொக்கி மாதிரி வளைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலுக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் மளிகைக் கடையில் எல்லாமே காகிதப் பொட்டலம்தான். வெள்ளை நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டித் தருவார்கள். வார்டுக்கு வரும் பன், பிஸ்கட், திராட்சை எல்லாவற்றிலும் அந்த நூல் வரும். உன் அம்மா கட்டில் கட்டிலாகக் கேட்டுச் சேர்த்தாள். நானும் எங்கள் ஊர்க் கடையில் கேட்டேன்.

"என்னா கேங்கு, பட்டம் உடப் போறியா?" என்றார் கடைக்காரர்.

"வூட்டுக்காரி பை பின்றாங்க."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். நூலைப் பந்தாகச் சுற்றி, என் கையில் கொடுக்காமல் கல்லாப்பெட்டி மேலே வைத்தார்.

பொட்டல நூல் மெலிசு. மூன்று இழை சேர்த்துத்தான் பின்னணும். துண்டு துண்டாக வேறு இருக்கும். ஒவ்வொரு துண்டையும் முடிச்சுப் போட்டால் பை அசிங்கமாக இருக்குமில்லையா? அதற்கு டீச்சரம்மா ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார். இரண்டு நூலின் முனையையும் பஞ்சு மாதிரி பிரித்து, நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஒன்றன் மேல் ஒன்று வைத்து உள்ளங்கையில் உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். எங்கே சேர்த்தாள் என்று கண்ணுக்கே தெரியாது. உன் அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "எங்க ஒட்டுன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்பாள். நானும் தேடுவேன். கிடைக்காது. அந்த ஒரு நிமிஷம்தான் அங்கே அவள் முகம் பழைய முகமாக இருக்கும். அடுத்த நிமிஷம், "புள்ள நடக்குதா?" என்பாள். நடக்கிறது என்பேன். "பேசுதா?" பேசுகிறது என்பேன். என்ன பேசுகிறது என்று கேட்க மாட்டாள். நீ அண்ணியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாய். நானும் சொல்லவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆனது. கடைசியில் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். "சளியில கிருமி இல்லை. இனி யாருக்கும் தொத்தாது. தனித் தட்டு, தனிப் பாய் ஒண்ணும் வேண்டாம். மாத்திரையை மட்டும் நிறுத்தாம சாப்பிடணும்." அவள் ஒரு துணி மூட்டையும், அதன் மேலே கை முஷ்டி அளவுக்குச் சுருட்டிய ஒரு வலைப்பையும் வைத்துக்கொண்டு என்னோடு ரயில் ஏறினாள். வழியெல்லாம் அந்தப் பையை விரித்து விரித்துச் சுருட்டினாள். அண்ணிக்குக் கொடுக்கப் பின்னியது.

வீட்டு வாசலிலேயே அண்ணி வெந்நீர் வைத்திருந்தார், வேப்பிலை போட்டு. வெளியிலேயே குளித்துவிட்டு வரச் சொன்னார். மாட்டுக்கொட்டாயை ஒட்டிய அறையைக் காலி செய்து, தன் கையாலேயே வெள்ளையடித்துப் புதுப்பாய் போட்டிருந்தார். புதுத் தட்டு, புது டம்ளர். எல்லாம் தனி. நீ அண்ணியின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாய்.

"யாரும்மா இது?" என்று கேட்டாய்.

அண்ணி கொஞ்சம் தடுமாறினார். பிறகு, "சின்னம்மா, கண்ணு. இங்கிருந்தே தோத்திரம் சொல்லு" என்றார்.

நீ கையைக் குவித்துத் தோத்திரம் சொன்னாய். உன் அம்மாவும் கையைக் குவித்தாள்.

நான் அண்ணியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "டாக்டரு சொல்லுவாரு தம்பி. டாக்டரு வூட்டுப் புள்ளையா இது?" அண்ணன் நல்லவர். ஆனால் பிள்ளை விஷயத்தில் அண்ணி சொல்வதுதான் அவருக்கும் சட்டம்.

பையைக் கொடுத்த அன்றைக்கு அண்ணன்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்து, ஓட்டை வழியே என்னைப் பார்த்தார். "என்னா புள்ள இது, காத்தை மொண்டுக்கிட்டு வர்றதுக்கா? இதுல கேவுரு வாங்குனா வழியெல்லாம் வெதைச்சுக்கிட்டில்ல வரணும்!"

"கேவுருக்கு இல்லிங்க மாமா. தக்காளி, கத்திரிக்கா, வெங்காயம். வெறும் பை இத்தினியூண்டு. போடப் போட விரியும்" என்றாள் அவள். அவ்வளவு நீளமாக அவள் பேசி வெகு நாளாகியிருந்தது.

அண்ணி பையைச் சுண்டு விரலில் வாங்கினார். "அழகாத்தான் இருக்குது" என்றார். ஆணியில் மாட்டினார். அடுத்த சந்தைக்குப் பழைய சாக்குப் பையையே எடுத்துக்கொண்டு போனார். அதற்கடுத்த சந்தைக்கும் அதேதான்.

இதை நீ புரிந்துகொள்ளணும். உன் அம்மா அந்தப் பைக்காக ஏங்கவில்லை. அவள் பின்னிய பையில் இந்த வீடு தின்னும் காயை அண்ணி ஒரு நாள் போட்டுக்கொண்டு வந்தால், அவள் கை பட்டது ஒன்றும் செய்யாது என்று அண்ணி ஒப்புக்கொண்ட மாதிரி. அப்படி ஒப்புக்கொண்டால் நீ அவள் மடிக்கு வருவாய். அவள் கணக்கு அதுதான். சந்தை நாள் வந்தால் காலையிலிருந்தே ஆணியைப் பார்ப்பாள்.

அண்ணி ஏன் தொடவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உன் அம்மா இரண்டாவது பை ஒன்று பின்னிக்கொண்டிருந்தபோது, நூலை நாக்கில் தொட்டு உருட்டியதை அண்ணி பார்த்திருக்கிறார். "எச்சில்லயா ஒட்டுறே?" என்று கேட்டாராம். "ஆமாங்க்கா, முடிச்சே தெரியாது பாருங்க" என்று இவள் ஆசையாகக் காட்டியிருக்கிறாள். டி.பி. வந்தவளின் எச்சில் இழைக்கு இழை ஓடியிருக்கிற பை! அதில் பிள்ளை தின்னும் தக்காளியை எப்படிப் போடுவது? ஒருத்திக்குப் பெருமையாக இருந்தது இன்னொருத்திக்குப் பயமாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள்.

கோயிலிலும் அப்படித்தான். பெண்கள் பக்கத்தில் அவள் உட்கார்ந்தால் சுற்றி இடம் காலியாகும். பூசையில் நன்மை அப்பம் வாங்க அவளாகவே எல்லோருக்கும் கடைசியில் போய் முழந்தாளிட்டாள். யாரும் சொல்லி இல்லை.

அந்தச் சமயம் எங்கள் பசு கன்று போட்டிருந்தது. கொஞ்சம் வளர்ந்ததும் கன்று மண்ணைத் தின்ன ஆரம்பித்தது. மண் தின்றால் வயிறு ஊதிச் செத்துப்போகும். அதற்கு வாயில் கயிற்றுக் கூடு ஒன்று கட்டுவோம், வாய்க்கூடு என்று. மூச்சு விடலாம், மேய முடியாது, மடியிலும் வாய் வைக்க முடியாது. பழைய வாய்க்கூடு இற்றுப்போயிருந்தது. ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது, உன் அம்மா அறை வாசலில் உட்கார்ந்து கொட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கன்றின் வாயில் அவள் பின்னிய பை. கைப்பிடி இரண்டையும் காதுக்குப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தது.

அண்ணி வேண்டுமென்று செய்தாரா? நான் கேட்டதற்கு, "சும்மா ஆணியிலதானே தொங்குச்சு தம்பி, நல்ல கெட்டி நூலு" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உன் அம்மா அழவில்லை. "பொருத்தமாத்தாங்க இருக்குது" என்றாள். "அளவெடுத்துப் பின்னாப்புல."

மறுநாள் விடியலில், யாரும் எழுவதற்கு முன்னால் அவள் எழுந்துபோய் அதை அவிழ்த்துவிட்டாள். கன்றைக் கட்டியிருந்த கயிற்றையும் அவிழ்த்துவிட்டாள். கன்று நேராகப் பசுவிடம் ஓடி முட்டி முட்டிக் குடித்தது. அண்ணி செம்பை எடுத்துக்கொண்டு கறக்கப் போகும்போது மடி துணி மாதிரி தொங்கியது. நீ எழுந்து பாலுக்கு அழ ஆரம்பித்திருந்தாய். நான் வேலைக்குக் கிளம்பி, பாதையில் காட்டும் சிவப்புக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"யாரு இதை அவுத்து உட்டது?"

"நாந்தாங்க்கா."

"ஒரு சொட்டு இல்ல. புள்ள பாலுக்குக் கத்துது. கன்னுக்கு எதுக்கு வாய் கட்டுறதுன்னு உனக்குத் தெரியாது? நீ காட்டுக்காரன் வூட்டுப் பொண்ணுதானே? மண்ணைத் தின்னு செத்துப்போவும்!"

"தெரியும்க்கா" என்றாள் உன் அம்மா. "எம் புள்ளைக்கும் வாய் கட்டி வெச்சிருக்கீங்களே, அது எத்தைத் தின்னு செத்துப்போவும்னுதான் தெரியல."

நான் கல்யாணம் செய்த நாளிலிருந்து அவள் அண்ணியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணி செம்பைக் கீழே வைத்தார்.

"ஏ, உடுங்க. பக்கத்து வூட்டுக்காரி கோழியே இல்லாம கோழியைக் கூப்புட்டுக்கிட்டு நிக்கிறா" என்றார் அண்ணன், வேலியோரம் ஒட்டுக்கேட்டு நின்றவள் பக்கம் கையைக் காட்டி.

"நீ கேட்டுட்டே. நான் சொல்லிடுறேன்" என்றார் அண்ணி. குரல் கத்தவில்லை, அடங்கிப்போயிருந்தது. "எங்கக்காளுக்கு இதான் வந்துச்சு. காட்டுல குடிசை போட்டு வெச்சாங்க. சோத்தைத் தூரத்துல வெச்சுட்டு வந்துரணும். எந்தம்பிக்கு அக்கான்னா உசுரு. சின்னப் பையன். நான் பாத்துக்கிட்டிருக்கையிலயே ஓடி ஓடி அவ மடியில படுத்துக்குவான். நானும் சரின்னு உட்டேன். அவ போயி அவனும் போனான். உட்டவ நானு. எனக்குப் பொறந்த ரெண்டும் தங்கல. இதையும் என் கண்ணு முன்னால உடச் சொல்றியா?"

அண்ணி இந்தக் கதையை அண்ணனிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"உம் புள்ளதான். நான் இல்லேங்கல" என்றார் அண்ணி. "இந்தா." உன்னைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில், உன் அம்மாவுக்கு முன்னால், நிற்க வைத்துவிட்டுத் தள்ளிப் போனார்.

பெரியவளே, இதை எழுதத்தான் இத்தனை தூரம் சுற்றி வந்தேன்.

உன் அம்மா குந்திக்கொண்டு கையை நீட்டினாள். நீ அவளைப் பார்த்தாய். அவள் முகத்தை இல்லை, கையைப் பார்த்தாய். பிறகு "அம்மா" என்று அலறிக்கொண்டு திரும்பி ஓடி அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டாய். உனக்கு என்ன தெரியும்? சின்னம்மாவிடம் தூர நின்று தோத்திரம் சொல்லணும் என்றுதான் உனக்குச் சொல்லியிருந்தது. நீ சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை.

அண்ணி உன்னைத் தூக்கவில்லை. குனிந்து, "போ கண்ணு, அம்மா அதான்" என்று சொல்லிப் பார்த்தார். நீ விடவில்லை. உன் அம்மா நீட்டிய கையை மெதுவாக இறக்கினாள். எழுந்து கொட்டாய்க்குள் போய்த் தரையில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நான் பக்கத்து வீட்டில் உனக்கு ஒரு டம்ளர் பால் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ரயில் பாதையில் என்ன வேலை செய்தேன் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் உன் அம்மா முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். பையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். கொக்கிப் பின்னல் அப்படித்தான், முனை கிடைத்தால் கடகடவென்று பிரிந்து வந்துவிடும். அத்தனை நாள் பின்னியது கொஞ்ச நேரத்தில் சுருள் சுருளாகக் கூடையில் விழுந்தது. இரண்டாவது பையையும் பிரித்தாள். எல்லாவற்றையும் பானையில் போட்டுச் சோடா உப்பு போட்டுக் கொதிக்க வைத்தாள். எச்சில் ஒட்டு எல்லாம் விட்டுப்போய் நூல் மறுபடியும் துண்டு துண்டானது. நிறையப் பஞ்சாகவும் போயிற்று. மிச்சத்தை வெயிலில் காயப் போட்டாள். அண்ணி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்றுதான் இவள் முற்றத்தில் செய்தாள்.

பிறகு பின்ன உட்கார்ந்தாள். அறைக்குள் இல்லை, முற்றத்து வெளிச்சத்தில். நாக்கில் தொடவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் முடிச்சுப் போட்டாள். நூலைப் பல்லால் கடிக்காமல் அரிவாள்மணையில் அறுத்தாள். டீச்சரம்மா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பை முழுக்க முடிச்சு. "சிரங்கு வந்தாப்புல இருக்குது" என்றார் அண்ணன்.

அண்ணி ஒரு நாள் தள்ளி நின்றே கேட்டார். "இத்தினி முடிச்சு போட்டா கையை அறுக்காது?"

"அறுக்கட்டும்க்கா. கண்ணுக்குத் தெரியுதில்ல."

அண்ணி உள்ளே போனார். நூல் பந்து உருண்டு போகும்போது நீ அதைப் பார்ப்பாய். அவள் உன்னைப் பார்க்க மாட்டாள். பார்த்தால் நீ ஓடிவிடுவாய் என்று கண்டுபிடித்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டே பின்னுவாள். நூல் போதாமல் போனது. வலைக் கண்ணியைப் பெரிசு பெரிசாகப் போட்டுச் சமாளித்தாள்.

அந்தச் சந்தை நாளில் அண்ணி ஏன் அதை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சாக்குப் பை இருந்த இடத்திலேயே இருந்தது. கைப்பிடி பின்னி முடித்துத் தரையில் வைத்திருந்த பையைக் குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "புள்ளயைப் பாத்துக்கங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். உன் அம்மா கொக்கி ஊசியைக் கையில் பிடித்தபடியே வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். மதியக் கஞ்சியைத் தொடவில்லை.

வெயில் தாழ அண்ணி வந்தார். தூரத்திலேயே தெரிந்தது, வலைப்பை வயிறு புடைத்துக்கொண்டு, உள்ளே சிவப்பும் ஊதாவுமாக. பையில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும் பை அது. யார் பின்னியது என்பதும் ஊருக்குத் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டுதான் தெரு முழுக்க நடந்து வந்தார். வந்தவர் பையை முற்றத்தில் தொப்பென்று வைத்தார்.

"என்னா பை பின்னியிருக்கே நீ? சின்ன வெங்காயத்துல பாதியை ரோட்டுல கொட்டிட்டு வர்றேன். பின்னால ரெண்டு பொடுசுங்க பொறுக்கிக்கிட்டே வருதுங்க. ஓட்டையைப் பாரு, பூனை நுழையும்! ஒரு வேலையை உருப்படியாச் செய்யத் தெரியுதா?"

கன்றை அவிழ்த்துவிட்ட அந்தக் காலையைத் தவிர, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அண்ணி அவளைத் திட்டியதே இல்லை. விருந்தாளியிடம் பேசுவது மாதிரிதான் பேசுவார். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இருமலோ என்று நான் பயந்துவிட்டேன். சிரித்திருக்கிறாள்.

நீ ஓடிவந்து பைக்குப் பக்கத்தில் குந்தினாய். ஓட்டைக்குள் விரலை விட்டு ஒரு வெங்காயத்தைக் குத்தினாய். அது பிதுங்கி வெளியே விழுந்து உருண்டது. உருண்டு போய் உன் அம்மாவின் காலடியில் நின்றது. அவள் அதை எடுத்து உன் பக்கம் உருட்டிவிட்டாள். நீ திரும்ப உருட்டினாய். அவள் திரும்ப உருட்டினாள். அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை கையை நீட்டப் பார்த்து, முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி மடக்கிக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. காயை எல்லாம் அண்ணி உப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவினார். அன்றைக்கும் நீ அவரிடம்தான் படுத்தாய். அதற்கப்புறமும் அப்படித்தான். பகலில் முற்றத்தில் இவளிடம், இருட்டினால் அவரிடம். உன் தம்பி பிறந்து, நாங்கள் தனி வீடு வந்தபோதும் நீ பெரியம்மாவோடு நின்றுகொண்டாய். உன்னை யாரும் கொடுக்கவில்லை. ஒருவர் திருப்பித்தான் கொடுத்தார். ஒருத்தி கூப்பிடாமல் காத்திருந்தாள். ஏன் கூப்பிடவில்லை என்று நான் ஒரு தடவை கேட்டேன். "கூப்புட்டு மறுபடியும் வரலேன்னா என்னாங்க பண்றது?" என்றாள்.

நீ அவளை முதலில் அம்மா என்று கூப்பிட்டது எந்த நாள் என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருக்கும். கேட்டால் சொல்வாள். நீயே கேள்.

வெங்காயம் உருட்டிய அந்தச் சாயங்காலம், எல்லோரும் உள்ளே போன பிறகு நான் மாட்டுக்கொட்டாய்க்குப் போனேன். கன்று வாய்க்கூடு இல்லாமல் கட்டிக் கிடந்தது, தரையை நக்கிக்கொண்டு. பரணில் இருந்த பழைய கிணற்றுக் கயிற்றைப் பிரித்து, இழை இழையாக எடுத்து, எனக்குத் தெரிந்த முடிச்சில் ஒரு வாய்க்கூடு கட்டினேன். கோணல்மாணலாக வந்தது. கன்றின் முகத்தில் வைத்துப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. உடனே கட்டவில்லை. கன்றை அவிழ்த்துப் பசுவிடம் விட்டேன். ஒரு காம்பு வற்றுகிற வரைக்கும் குடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். பிறகு அதை இழுத்துப் பிடித்து, வாயைத் துடைத்து, கூட்டைக் கட்டிவிட்டு வந்தேன்.